மாமாவின் ராக்கெட் ஆட்டம்

என் மாமா செய்த ராக்கெட் ஆட்டத்தில் எதிரிகள் எல்லாரும் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தாக இருந்தார்கள். நம்முடைய விண்கப்பல் ‘ஏ’. எம்கள் திரையின் இரண்டு பக்கமும் போய்த் திரும்பி, மேலேயிருந்து வரிசையாகக் குண்டு போட்டபடி இறங்கி வரும். அடியில் நிற்கும் ஏ இடமும் வலமுமாக ஓடித் தப்பித்துக்கொண்டே அவற்றைச் சுட வேண்டும். மாமாவுக்குப் படம் வரைய வராது, கைவசம் இருந்த எழுத்துகளை வைத்தே வானத்தை நிரப்பிவிட்டார். எனக்கு அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தார்கள். இருபத்தாறு எழுத்தில் எம் மட்டும் ஏன் கெட்டது என்று பல நாள் குழம்பினேன். அம்மாவுக்கான ஆங்கிலச் சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது என்று தெரிந்தபோது குழப்பம் இன்னும் கூடிற்று.

மாமா அம்மாவின் தம்பி. குன்னூருக்கு மேலே நாங்கள் இருந்த எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். எஸ்டேட் மேனேஜரைத் துரை என்போம். துரையின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். ரப்பர் பொத்தான்கள் வைத்த கறுப்புப் பெட்டி, டிவியோடு சேர்த்தால்தான் அதற்கு உயிர். எங்கள் மலையின் கரண்ட் ஏறி இறங்கியதில் அது பழுதாகிவிட, அதை மாமாவிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். மாமா அதை எப்படியோ பிழைக்க வைத்தார். கூடவே வந்த புத்தகத்தை அகராதி பார்த்துப் பார்த்துப் படித்து இந்த ஆட்டத்தையும் எழுதினார். சேதி கேள்விப்பட்ட துரையின் மகன், அடுத்த லீவுக்கு வரும்போது பார்ப்பதாகவும், நன்றாக இருந்தால் கேசட்டை பெங்களூரில் இருக்கும் தன் சிநேகிதனின் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டுவதாகவும் சொல்லி அனுப்பினார். மாமா பெங்களூர் போகப்போகிறார் என்று அம்மா தண்ணீர்க் குழாயடியில் அறிவித்துவிட்டாள்.

டிவி இருந்தது தொழிலாளர் கிளப்பில். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் அதில் படம் தெரியாது, வெறும் இரைச்சல்தான் வரும். கிளப் சாவி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரரான ஆபீஸ் கிளார்க்கிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாமாவுக்குச் சாவியைக் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம், “ஏனுங்க எலக்ட்ரீசியன், சாயந்திரம் படம் போடறதுக்குள்ள டிவிய உட்ரோணுமுங்க” என்பார்.

ஆட்டம் கேசட்டில் இருந்தது. டேப்ரிக்கார்டரை ஓட விட்டால், பூனையை மிதித்ததுபோல நெடுநேரம் கீச்சிட்ட பிறகு எம்கள் வந்து நிற்கும். சில நாள் எவ்வளவு கீச்சிட்டும் வராது. வந்த நாட்களில் லயத்துப் பிள்ளைகள் முறை வைத்து ஆடுவோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எங்கள் வீடுகளுக்கு லயம் என்று பெயர். லயத்திலேயே அதிக எம்களைச் சுட்டவள் நான். சண்டையில் ஜெயித்த ராஜா மாதிரி நடந்துகொள்வேன்.

அந்த வருடம் பெரியம்மா வந்து சேர்ந்தாள், அம்மாவின் அக்கா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே நாங்கள் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்துவிட்டோம். பெரியம்மா அங்கே கலவரம் நடந்த பிறகு வந்தாள். மண்டபம் அகதி கேம்ப்பில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒரே ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா கூட வரவில்லை. எங்கே என்று கேட்டால் அம்மா “வருவாரு” என்பாள், பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். யாராவது கதவைத் தட்டினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். பிள்ளைகள் சிலை விளையாட்டு விளையாடுவார்களே, அதுபோல என்று நினைத்து நானும் ஒரு தடவை அவள் எதிரில் சிலையாக நின்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவளைக் கட்டாயப்படுத்திக் கிளப்புக்கு அழைத்து வந்தாள். நாங்கள் ஆடுவதைப் பெரியம்மா நின்றபடியே பார்த்தாள். பிறகு மாமாவிடம் கேட்டாள்.

“ஏன் தம்பி, இவனுக யாரு?”

“எதிரிங்கக்கா. வேற கிரகத்துல இருந்து வாரானுக.”

“என்னாத்துக்கு நம்மள அடிக்க வாரானுக? நம்ம என்னா செஞ்சோம்?”

மாமா தலையைச் சொறிந்தார். இவ்வளவு எழுதியவர் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை. “ஆட்டம்தானேக்கா, அப்புடித்தான்” என்றார். எனக்கும் அதுவரை தோன்றாத கேள்வி அது. அதற்கப்புறம் ஆடும்போதெல்லாம் எனக்குக் கை ஒரு நொடி பின்வாங்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, “அவுங்களுக்கும் ஒரு தடவ குடுங்களேன்” என்றாள். மாமா பெரியம்மாவை உட்கார வைத்து, இது இடது, இது வலது, இது சுடுவது என்று பொத்தான்களைக் காட்டினார். எம்கள் இறங்கின. பெரியம்மா சுடவில்லை. இடது பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். விண்கப்பல் திரையின் இடது ஓரத்தில் போய் முட்டி நின்றது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் எல்லாரும் சிரித்தோம். குண்டுகள் விண்கப்பலுக்குப் பக்கத்திலேயே விழுந்தன, அதன் மேல் மட்டும் ஒன்றும் விழவில்லை. எம்கள் அடிவரை வந்து மறைந்தன, மறுபடி மேலேயிருந்து வந்தன, மறுபடி மறைந்தன. சிரிப்பு நின்றுபோயிற்று. எங்களில் ஒருவரும் அவ்வளவு நேரம் உயிரோடு இருந்ததில்லை. ஆனால் அவள் எடுத்த புள்ளி பூஜ்யம். அப்படியென்றால் அவள் ஜெயித்தாளா தோற்றாளா? எனக்கு ஆத்திரமாக வந்தது. “சுடுங்க பெரியம்மா! சுடுங்க!” என்று கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளார்க் வந்து படத்துக்கு நேரமாயிற்று என்றார். மாமா பெட்டியை அணைத்தார். திரை இருண்டதும் பெரியம்மா மெதுவாகக் கேட்டாள். “போயிட்டாங்களா?”

மாமாதான் சொன்னார். “போயிட்டாங்கக்கா.”

வீட்டுக்குப் போகும் வழியில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். அது கள்ளாட்டம் இல்லையா என்றேன். தப்பு பெரியம்மாவுடையது அல்ல, தன்னுடையது என்றார் மாமா. எம்கள் இடது சுவர்வரை போய்த் திரும்ப வேண்டும், ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டதால் ஒரு கட்டம் முன்னாலேயே திரும்பிவிடுகின்றன, அந்த ஓட்டையில் குண்டே விழாது என்றார். “ஒரு எண்ணுதான். மாத்திரலாம்.”

மாற்றவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகு தானாகவே கேட்க ஆரம்பித்தாள். “தம்பி, இன்னைக்குப் பொட்டி உண்டா?” கிளப்புக்கு வருவாள், தன் முறைக்குக் காத்திருப்பாள், நேராக இடது ஓரத்துக்குப் போய்விடுவாள். அங்கே போய் நின்றதும் அவள் தோள்கள் இறங்கும். ஒரு நாள் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குண்டுகள் விழுவதைப் பார்த்தபடி குடித்து முடித்தாள். பிள்ளைகள் எரிச்சலில் முணுமுணுத்தோம். மாமா எங்களை அதட்டினார்.

அந்த நாட்களில்தான் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சிலோனில் கூட்டமாக வந்தவர்கள் லயத்துக்குத் தீ வைத்தபோது பெரியம்மா பின்சுவருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவே இருந்த இடுக்கில் நின்றிருந்தாளாம். அந்த இடுக்கில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்ததாம். பெரியப்பாதான் அவளை அதற்குள் தள்ளிவிட்டாராம். நான் சோறு தின்றுகொண்டே கேட்டேன். சிலோன் கதைகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. அதில் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொண்டேன்.

துரையின் மகன் லீவுக்கு வந்தார். கிளப்பில் உட்கார்ந்து ஆடினார். நன்றாகவே ஆடினார், மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு அவருடைய விண்கப்பல் தற்செயலாக இடது ஓரத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

“இங்க ஒளிஞ்சுகிட்டா ஆட்டமே முடியாதேப்பா. கவனிக்கலையா?”

“தெரியுங்க சார்.”

“தெரிஞ்சுமா விட்டு வச்சிருக்க? இதைச் சரி பண்ணிக் குடு. நாளைக்குக் கிளம்புறேன். இப்படியே கொண்டுபோனா என்னைத்தான் சிரிப்பாங்க.”

அவர் போன பிறகு மாமாவோடு நான் மட்டும் இருந்தேன். மாமா எழுதியிருந்ததையெல்லாம் திரையில் வரவழைத்தார். வரிகள் மேலே ஓடின, ஒரு வரியில் நிறுத்தினார். எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். விரல் பொத்தானின் மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒன்றையும் தொடாமல் பெட்டியை அணைத்துவிட்டார்.

மறுநாள் துரையின் மகன் கேசட்டை வாங்காமலே ஜீப்பில் ஏறிப் போனார். பெங்களூரிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அம்மா வெகுநாள் மாமாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியம்மா கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்தாள். பெரியப்பா கடைசிவரை வரவில்லை. கம்ப்யூட்டர் இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டுச் செத்துப்போயிற்று. மாமா ரிட்டயராகும்வரை அதே ஃபேக்டரியில்தான் இருந்தார்.

ஆனால் மாமா பெட்டியை அணைத்த அந்தச் சாயந்திரம், தேயிலைச் சரிவின் நடுவே வீட்டுக்கு நடந்துவந்தபோது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. சொன்னேன்.

“ரெண்டு கேசட்டாப் பண்ணிருங்க மாமா. ஓட்டை உள்ளது பெரியம்மாவுக்கு. ஓட்டை இல்லாதது பெங்களூருக்கு.”

மாமா கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பெங்களூர்லயும் யாராச்சும் இருப்பாங்கள்ல” என்றார்.

“யாரு? சுடத் தெரியாதவங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். “ஆமா” என்றார்.

அவ்வளவு பெரிய ஊரில் சுடத் தெரியாதவர்கள் யார் இருக்கப்போகிறார்கள்? மாமாவுக்கு ஊர் உலகமே தெரியவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், முன்னால் ஓடி வீட்டுக்குப் போய்விட்டேன்.