தஸ்நேவிஸ் மாமா தேடிய நட்சத்திரம்

பங்கு மலரில் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மாமாவோடு ஒரே கட்டுமரத்தில் போனவர்கள், ஒரே வலையை இழுத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். பி.ஏ. படித்த பெண் என்பதற்காகச் சாமியார் என்னைக் கேட்டார். மூன்று முறை மறுத்தேன். பிறகு ஒரு காரணத்துக்காகச் சம்மதித்தேன். அதைக் கடைசியில்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. மாமாவை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தியைக் கொண்டு வந்தவர் சூசையம்மை அக்கா. நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் மீன் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏட்டி, ஒனக்க மாமா போயிட்டாரு. அடக்கம் நாலு மணிக்கு. நீ பஸ்ஸப் பிடி. நான் இந்தச் சாளைய வித்துப்போட்டு வாறேன்" என்றார். பிறகு, "இஞ்ச நின்னு அழாத, பிள்ளைங்க பாக்குது" என்றார்.

நான் அழவில்லை. களைப்பாகத்தான் இருந்தது. முட்டம் வரும்வரை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் அம்மாவின் அண்ணன் தஸ்நேவிஸ் மாமா. யுத்தகாலத்தில் கடற்படையில் சேர்ந்து, ஒரு சிறிய கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தார். நாடு சுதந்திரம் பெற்ற வருடம் விலகி ஊருக்கு வந்தார். அப்போது எனக்குப் பதினோரு வயது. தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்த அவருடைய வெள்ளைச் சட்டையில், இடது மார்பில், விரல் நீளத்துக்கு மூன்று வண்ணத் துணிகள் தைத்திருந்தன.

பக்கத்து வீட்டு மிக்கேல் மாமா அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஏலே நேவி, இத்தன வருசம் நெருப்புல வெந்ததுக்கு இந்தத் துண்டுத் துணியா தந்தான்? கோமணத்துக்கும் காணாதே."

"துணிதான் மொதல்ல வரும். இரும்பு பொறவு வரும்" என்றார் மாமா.

யுத்தம் நடக்கும்போது பதக்கம் வார்க்க நேரமில்லை, அதனால் நாடாவை மட்டும் கொடுத்தார்கள் என்று எனக்கு விளக்கிச் சொன்னார். நடுவில் சிவப்பும் ஓரங்களில் கருநீலமும் இடையில் செம்மஞ்சளும் இருந்த நாடா பர்மா நட்சத்திரம் என்ற பதக்கத்துக்கு உரியது.

இரும்பு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோது இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒன்று மாமாவுக்கு. மற்றது அவரோடு ஒரே கொதிகலனில் வேலை பார்த்த தேங்காய்ப்பட்டணத்துக் காசிமுக்கு. காசிம் வேலை தேடிப் பினாங்குக்குப் போயிருந்தார். அவருடைய உம்மா மகள்மார் வீடுகளில் மாறி மாறி இருந்ததால், விண்ணப்பத்தில் மாமாவின் விலாசத்தையே கொடுத்திருந்தார். மாமா தம் பெட்டியைப் பிரித்தார். இரண்டு நட்சத்திரங்கள், ராஜா தலை போட்ட வட்டப் பதக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எண்ணும் பெயரும் குத்தியிருந்தன. காசிமின் பெட்டியை அவர் பிரிக்கவில்லை. "அவன் வந்து பிரிக்கட்டும். அதுதான் மரியாத" என்று தகரப் பெட்டிக்குள் வைத்தார்.

நம் கோயில் முற்றத்தில் ஈஸ்டருக்கு மறுநாள் நடக்கும் கூத்தை எல்லோரும் அறிவீர்கள். உரோமைப் படைத்தலைவன் வேடத்துக்கு அதுவரை சிகரெட் ஈயத்தாள் ஒட்டிய அட்டையைத்தான் மார்பில் குத்துவார்கள். அந்த வருடம் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மாமாவின் பதக்கங்களைக் கேட்டார். மாமாவும் சம்மதித்தார். அவற்றை வாங்க ஆள் வந்தபோது மாமா கடலில் இருந்தார், மாமி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான். இதை இன்றுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெட்டி பிரித்துக் கசங்கியிருந்தது. மற்றது கட்டு அவிழாமல் புதிதாக இருந்தது. கூத்துக்குப் புதிதுதானே நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மாமா எடுத்து வைத்ததைத்தான் தருகிறேன் என்று வாங்க வந்தவர் நினைத்துக்கொண்டார்.

கூத்தில் படைத்தலைவன் மணலில் விழுந்து எழும் கட்டத்தில் பர்மா நட்சத்திரம் அறுந்து போயிற்று. நாடா மட்டும் வேடச் சட்டையில் தைத்தபடி தொங்கியது. மறுநாள் பெண்கள் அரிசி அரிப்பைக் கொண்டு வந்து முற்றத்து மணலைச் சலித்தார்கள். கிளிஞ்சலும் ஆணியும்தான் வந்தன.

"தப்புப் பெட்டிய யாரு தந்தது?" என்று, மற்ற இரண்டின் பின்புறத்தில் காசிமின் பெயரைப் பார்த்துவிட்டு அண்ணாவியார் கேட்டார்.

நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தான். மாத்தி எடுத்து வச்சிருந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அழுதேன். "கப்பல்ல ஒருத்தன் காவல் முறையில நடந்தது அவனுக்கப் பொறுப்பு. பெட்டி எனக்கக் காவல்ல இருந்தது. நீ போய்ப் படி" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஊர் அவரிடம் பேசியது. கூட்டாளியின் மெடலைக் கூத்துக்குக் கொடுத்தவன் என்ற பேச்சு, வலை பிரிக்கும்போதும் பங்கு வைக்கும்போதும், வேடிக்கையாகவும் வினையாகவும் அவரைத் தொடர்ந்தது. என் பெயரை ஒருமுறைகூட அவர் எடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே காசிம் பினாங்கில் காய்ச்சலில் இறந்த செய்தி வந்தது. மாமா காசிமின் பெட்டியில் மீதியிருந்த இரண்டு பதக்கங்களையும் அந்த நாடாவையும் எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனார். மூன்று கிடைக்கும் என்று காசிம் முன்பே உம்மாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். "ஒண்ண நான் தொலச்சுட்டேன் உம்மா" என்று மாமா சொல்லிவிட்டார். தம்முடைய பர்மா நட்சத்திரத்தை எடுத்து நீட்டினார். பேரனை விட்டுப் பின்புறத்தைப் படிக்கச் சொன்ன உம்மா, அதைத் திருப்பிக் கொடுத்தாராம். "இது ஒனக்கப் பாடு. எனக்க மவனுக்கத கொண்டு வா."

நான் இன்டர்மீடியட் சேர்ந்ததும் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம் கடற்படை அலுவலகத்துக்குத்தான். பதக்கத்துக்கு உரியவர்தான் மாற்றுக்கு எழுத வேண்டும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உரியவர் பினாங்கில் மண்ணுக்குள் இருந்தார்.

ஆனாலும் மாதம் ஒருமுறை மாமா போய்வந்தார். புதுக்கடை வரை பஸ், பிறகு நடை. இரண்டு முறை நானும் கூடப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேச்சு ஒன்றுதான்.

"மக்கா, வந்தியா? கிட்டிச்சா?"

"இல்ல உம்மா."

"சரி. சோறு தின்னுட்டுப் போ."

கடைசி ஒரு வருடம் அவருக்கு நெஞ்சில் இழுப்பு. பழைய கரித்தூள் என்று வைத்தியர் சொன்னார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போனதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். காலையில் கடற்கரையில் அவர் குனிந்தே நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதுகு வளைந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தேடிக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று மாமி அவருக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். மூன்று நாடாக்களும் மங்கியிருந்தன. பதக்கங்களைக் குத்த வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தாராம். மண்ணை அள்ளிப் போடும்போது எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் மனதில் வந்தது. மாமா, உங்கள் காவல் முறை முடிந்தது, போய்ப் படுங்கள்.

எட்டாம் நாள் கழிந்து நான் தேங்காய்ப்பட்டணம் போனேன். உம்மாவுக்கு இப்போது பார்வை இல்லை. மாமா இறந்ததைச் சொன்னேன். "இனி யாரு வருவா?" என்றார். நான் வருவேன் என்றேன். பெட்டியை மாற்றிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். வெற்றிலைப் பெட்டிக்குள்ளிருந்து அந்த நாடாவை எடுத்து மடித்தார், மறுபடி விரித்தார். கடைசியில், "சோறு தின்னுட்டுப் போ" என்றார்.

நான் எழுதச் சம்மதித்த காரணம் இதுதான். அந்த நட்சத்திரம் நம் ஊரைவிட்டுப் போயிருக்காது என்று நினைக்கிறேன். ஆறு முனை உள்ளது, செம்பு நிறம், இப்போது கறுத்திருக்கும். பின்புறம் ஆங்கிலத்தில் காசிம் என்று இருக்கும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் கிடக்கலாம். வலையில் ஈயக்குண்டுக்குப் பதிலாக யாராவது கட்டியிருக்கலாம். ஆசைப்பட்டு எடுத்து வைத்துவிட்டுத் திருப்பித் தரக் கூச்சப்பட்டும் இருக்கலாம். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். ஒரு தாளில் சுற்றிக் கோயில் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். யார் என்று சாமியாரும் கேட்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன். உம்மா விரலால் தடவித்தான் பார்ப்பார். துணி அவரிடம் இருக்கிறது. இரும்பு மட்டும் வர வேண்டும்.