பதினொரு மணி கேக்கும் மூன்று மணி பஸ்ஸும்

ஒரு வீடியோ ஆப்பில் நான் நடத்தும் கேக் பக்கத்தில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு வீடியோ போடுவேன். பார்ப்பவர்கள் முப்பதைத் தாண்டியதில்லை. ஆப்தான் என்னை அமுக்குகிறது என்று கடுப்பாகி, இன்றோடு மூடிவிடலாம் என்றிருந்தேன்.

மூன்று மணிக்கு ஒரகடத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறினேன். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண். உள்ளே படம் எடுக்காதபடி கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கேமரா மேல் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் போனைத் திறந்தாள்.

திரையில் என் கை. கேக் மேல் மெதுவாகக் கிரீம் தடவுகிறது.

"இது காலைலயே வந்த வீடியோ ஆச்சே?" என்றேன்.

"ஷிஃப்ட் முடியற வரைக்கும் போனு லாக்கர்லதான் கீதுக்கா. இத்தப் பாத்துக்கினே வந்தா நல்லா தூக்கம் வருது."

அந்தக் கை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். ஜன்னலில் ஏரிக் காற்று. அவள் மடியிலிருந்த போனில் கிரீம் தடவி முடிவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் போயே போய்விட்டது, நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்து பார்த்தால், அந்த வீடியோவின் சராசரி பார்வை நேரம் எகிறியிருக்கிறது!

நாளையிலிருந்து மூன்று மணிக்குத்தான் வீடியோ. இதைப் பார்த்துத் தூங்குகிறவர்கள் இன்னும் எத்தனை பேர்? எழுந்ததும் சொல்லுங்கள்.