சாம்பியனின் கோடும் என் முழங்காலும்

முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து டென்மார்க்கின் வைலே நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மாமியோடு என்ன கதைப்பது என்று தெரியாத மருமகன், தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைத் தொடங்கினார்: குத்துச்சண்டை. என் பூட்டன் காலத்து வெள்ளைக்காரச் சாம்பியன் ஒருவன். பெயர் என் வாயில் நுழையவில்லை. செங்கல் சுமந்தவனாம். கையுறை இல்லாமல் வெறுங்கையால் சண்டை பிடித்து, ஊர் ஊராக வென்று, நாட்டுக்கே முதல் ஆளானானாம்.

"விழுந்தால்?" என்றேன்.

"அரை நிமிசம் தருவினம், மாமி. பிறகு நடுவில கீறின கோட்டுக்குத் தானாய் நடந்து வரோணும். ஆரும் பிடிச்சுக்கொண்டு வந்தால் தோல்வி."

"கடைசியில ஆர் அவனை வெண்டது?"

"ஒருத்தரும் இல்லை. வயசு போனபிறகும் விழுந்து விழுந்து கோட்டுக்கு வந்தவன். அவன்ர ஆக்கள்தான் பாவம் பார்த்துச் சண்டையை நிப்பாட்டிப்போட்டினம்."

"என்ர மகளைப்போல ஆக்கள் எண்டு சொல்லுங்கோ, தம்பி."

மருமகன் கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மகள் தன் வீட்டு மேல்மாடியில் எனக்கென்று ஓர் அறைக்கு ஏற்கெனவே வெள்ளை அடித்திருந்தாள். நான் தனியே எழுந்து நடப்பேனா, என் ஃபிளாட்டிலேயே இருக்கலாமா என்று பார்க்க, கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. என் ஃபிளாட்டுக்கு வந்ததும் கதிரைக்கும் குசினிக்கும் நடுவில் மருமகனைக் கொண்டு நீல டேப் ஒன்றைக் கோடாக ஒட்டுவித்தேன். முதல் நாள் முப்பது எண்ணி முடிந்தும் கதிரையில்தான் இருந்தேன். மறுநாள் மறுபடி எண்ணினேன். ஒவ்வொரு நாளும் எண்ணினேன்.

அந்தப் பெண் வந்த அன்று மகள் என்னை அசையவே விடவில்லை. "அம்மா இருங்கோ, நான் போடுறன்" என்று தேத்தண்ணி கொண்டுவந்தாள். என் முதுகுக்குத் தலையணை வைத்தாள். காலில் சப்பாத்தும் மாட்டிவிட்டாள். பெற்றவளுக்கு மரியாதை. வந்தவளோ எல்லாவற்றையும் எனக்கு ஏலாத கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு எழும்பச் சொன்னாள். பாதி எழும்பிக் கதிரையிலேயே தொப்பென்று விழுந்தேன். மகளின் கை என் கக்கத்துக்குள் வந்தது.

"கையை எடடி!"

"அம்மா, திரும்பவும் விழப்போறியள்!"

"இஞ்சேரும், விடும்" என்று மருமகன் அவளைப் பின்னுக்கு இழுத்தார். "இன்னும் அரை நிமிசம் இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினேன். நீலக் கோட்டுக்கு வந்தேன். அதைத் தாண்டிக் குசினிக்குப் போய், வந்தவளுக்கு இன்னொரு தேத்தண்ணி போட்டேன். மகள் போட்டதில் சீனி காணாது.

வந்தவள் குடித்துவிட்டு மகளிடம் டேனிஷில் ஏதோ சொன்னாள். மகளின் முகம் தொங்கியது. எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அந்த மேல் அறையை உன்ர மனுசனுக்குக் குடு, பிள்ளை" என்றேன். "ஆறுதலாய் இருந்து குத்துச்சண்டை பாக்கட்டும்."