பாவு மாதிரி இழுத்துக் கட்டிய வலை

பறவைக்கு வளையம் போடும் வேலைக்கு வரும் பிள்ளைகள், "என்ன சார் படிச்சிருக்கணும்?" என்று கேட்பார்கள். "பொத்தான் இல்லாத சட்டை ரெண்டு வாங்கிக்கோ" என்பேன். கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஆரணி கேம்ப் பிழைத்த கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

1. முதல் நாள் ஆள்

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் வழியில் ஒரு ஏரி, அதன் கரையில் நாணல் புதர். பனிக்காலத்தில் இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாணல் கதிர்க்குருவி அங்கே வரும். கைக்குள் அடங்கும் பறவை, அழுக்குத் துணி நிறம். விடிகாலையில் மிஸ்ட் நெட் என்கிற மெல்லிய நூல் வலையை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிப் பிடித்து, துணிப்பையில் போட்டுவைத்து, காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டி, எடை பார்த்துப் பறக்கவிடுவோம். அதே பறவை அடுத்த வருஷம் மறுபடியும் சிக்கினால் அது ரீகேப்சர். 'இந்தப் புதர் எனக்கு வேண்டும், அழிக்காதே' என்று பறவையே வந்து சாட்சி சொன்ன மாதிரி.

அந்த வருஷம் ஒரு சாட்சிகூட வரவில்லை. சென்னையிலிருந்து எங்கள் மேலதிகாரி சுதர்சனம் சார் போன் செய்தார். "நாளைக்கு நேர்ல வரேன். போன வருஷப் பறவை ஒண்ணாவது காட்டுங்க. இல்லன்னா ஆரணி கேம்ப்பை மூடிடலாம்."

கேம்ப்பை மூடினால் புதருக்காகப் பேச ஆள் இருக்காது. எனக்கோ சென்னையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு ஃபேன். அதற்குப் பதில் என்னையும் பிடித்துப் பையில் போட்டுக் கட்டிவிடலாம்.

மறுநாள் பார்த்து என் உதவியாள் கல்யாணத்துக்குச் சேத்துப்பட்டு போய்விட்டான். ஊரில் அன்றைக்கு கரண்ட் ஷட்டவுன். விசைத்தறி ஓடாது என்பதால் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் சும்மா இருந்தார், கூட்டிப்போனேன். வலையைக் கட்டி, "பறவை விழுந்தா தொடாதீங்கண்ணா, போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் வரும் சாரை அழைத்துவர ரோட்டுக்குப் போனேன்.

2. விறைப்பு

சாரோடு திரும்பி வந்தால் வலை கம்பத்துக்குக் கம்பம் விறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் பார்க்கும்போதே ஒரு சில்லைக் குருவி பறந்து வந்து மோதி, எகிறி, வந்த வழியே திரும்பிப் போனது. போகும்போது ஒரு பார்வை வேறு.

"அண்ணா, என்ன பண்ணீங்க?"

"இன்னா சார் நீ, இவ்ளோ படிச்சிட்டு தொளதொளன்னு கட்டிட்டுப் போயிருக்க? பாவு இப்டி தொங்கினு இருந்தா எங்க தெருவுல சிரிப்பாங்க. ஜல்தியா இழுத்துக் கட்டிட்டேன். சுண்டிப் பாரு, டிங்குங்குது."

டிங் என்றுதான் சொன்னது. சேலைக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், விறைப்பாக இருக்கவேண்டும். மிஸ்ட் நெட் தொங்கவேண்டும். தொங்கினால்தான் வலையில் பை மாதிரி மடிப்பு விழும், அந்தப் பையில்தான் பறவை விழும். இதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். நெசவுக்குப் பேர்போன ஆரணியில் போய் நூலைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அவிழ்க்கப் போனேன். அதற்குள் சார், "நகருங்க, நான் பார்க்காத வலையா?" என்று கீழ்க்கயிற்றை எடுக்கக் குனிந்தார். முழுக்கைச் சட்டை. "சார், பொத்தான்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மணிக்கட்டுப் பொத்தான் மாட்டியது. அதை எடுக்கப் போன கையும் மாட்டியது. திரும்பினார், பாக்கெட் பொத்தான். நிமிர்ந்தார், காலர், கண்ணாடி.

"யோவ், வலையை அறுய்யா!"

"அசையாதீங்க சார். வலையை அறுக்கக் கூடாது. பொத்தானை அறுக்கலாம்."

பறவையாக இருந்தால் துணிப்பைக்குள் போட்டிருப்பேன், இருட்டில் அமைதியாகிவிடும். இவருக்கு அந்த அளவில் பை இல்லை.

3. விதி

ஏகாம்பரம் அண்ணன் கத்தரி எடுத்துவரப் புதரைச் சுற்றி ஓடினார். அந்தச் சத்தத்தில் உள்ளேயிருந்து ஒன்று விர்ரென்று கிளம்பியது. சார் முறுக்கிய முறுக்கில் கம்பம் சாய்ந்து, வலை தளர்ந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் அருமையான பை ஒன்று விழுந்திருந்தது. பறவை நேராக அதில் விழுந்தது. நாணல் கதிர்க்குருவி. காலில் வளையம்.

எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தேன். போன மார்கழியில் இதே புதரில் நானே மாட்டியது. "ரீகேப்சர் சார்!" என்று கத்தினேன்.

"வாழ்த்துகள்யா. முதல்ல என்னை எடு" என்றார் சார்.

"விதிப்படி பறவை முதல்ல சார்."

அந்த விதியை எழுதியவரே அவர்தான். பறவையைப் பிரித்தெடுத்தேன், இறக்கையை அளந்தேன், எடை பார்த்தேன், பறக்கவிட்டேன். அதுவரை சார் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு டிராபிக் போலீஸ் மாதிரி நின்றார். அப்புறம் கத்தரியோடு போனோம்.

கடைசிப் பொத்தானை அறுத்துக்கொண்டே அண்ணன் என்னிடம் கேட்டார்: "சார், இவருக்கும் ஒரு வளையம் போட்டு வுட்டுடலாமா? அடுத்த வருஷம் திரும்பி வராரான்னு பாத்துக்கலாம்."

சார் முறைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. கேம்ப் பிழைத்தது.

வலையைக் கட்டும் முன் அது ஏன் தொங்கவேண்டும் என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லிவிடுங்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்.

அடுத்த பனிக்காலம் அந்தக் குருவி அதே புதருக்கு வந்தது. அதே வாரம் சுதர்சனம் சாரும் வந்து இறங்கினார், வட்டக் கழுத்து பனியன் போட்டுக்கொண்டு.

ஏகாம்பரம் அண்ணன் சத்தமாகச் சொன்னார்: "ரீகேப்சர்!"