கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

1. இருபத்திரண்டு கேள்விகள்

ஒரு தமிழ் நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகள் உதவியாசிரியராக இருந்தேன். பெங்களூர்ப் பதிப்பை நிறுத்தியபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓய்வு பெற அது சீக்கிரம், புது வேலை தேடத் தாமதம். தொம்மலூரில் ஒரு கம்பெனி, வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்குக் கான்ட்ராக்டர் ஏற்பாடு செய்து தந்துகொண்டிருந்தது. அதில் 'வெண்டர் வெரிஃபிகேஷன்' பிரிவில் சேர்ந்தேன். ஒரு கான்ட்ராக்டர் நம்பத் தகுந்தவரா என்று விசாரித்து நூற்றுக்கு மார்க் போடுவது என் வேலை.

முதல் நாள், மேனேஜர் நவீன் ஒரு படிவத்தைக் கொடுத்தார். என் வயதில் ஏறக்குறையப் பாதி இருக்கும் அவருக்கு.

"மேடம், இதுல ட்வென்ட்டி டூ கொஸ்டின்ஸ் இருக்கு. நீங்க டிக் பண்ணிட்டே போனா சிஸ்டமே ஸ்கோர் சொல்லிடும். யோசிக்கவே வேணாம்."

யோசிக்காமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலை அதற்கு முன் எனக்கு அமைந்ததில்லை.

ஒவ்வொரு கான்ட்ராக்டரும் தன் பழைய வாடிக்கையாளர்கள் மூவரின் எண்களைத் தர வேண்டும். அவர்களிடம் நான் போனில் விசாரிப்பேன். முதல் வாரம் முழுவதும் பெங்களூரில் கெட்ட கான்ட்ராக்டரே இல்லை. இரண்டாம் வாரம் ஒருவர் பாராட்டிக்கொண்டே போனவர், "மாமா வேலைன்னா மாமா வேலைதான் மேடம்" என்றார். யார் மாமா என்று கேட்டேன். போன் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு, கான்ட்ராக்டர் உங்களுக்கு உறவா என்று இருபத்துமூன்றாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தோம். அன்று முதல் யாருக்கும் யாரும் உறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு ரகமும் உண்டு. உண்மையிலேயே நல்ல ஆள் கிடைத்தவர்கள் அவரைப் பற்றி வாயே திறப்பதில்லை. பீன்யா பக்கம் ஓர் அம்மாள் வீட்டுச் சமையலறையில் அருமையாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டேன். "அவரு ஊருக்குப் போயிட்டாரும்மா, நம்பரும் இல்ல" என்றார். பின்னால் பால்கனியில் அந்த மனிதர் டைல் வெட்டும் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் அற்பத்தனத்தை நினைத்து அன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

2. தொண்ணூற்றிரண்டு மார்க்

ஃபிலோமினா டீச்சர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அடுகோடியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். அவர் கணவர் ஆரோக்கியராஜ் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, நடைப் பயிற்சி தரும் ஒரு மையத்தில் இருந்தார். மூன்று வாரத்தில் வாக்கரோடு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் படியை எடுத்து, தரையைத் தாழ்த்தி, வழுக்காத டைல்ஸும் கைப்பிடிகளும் போட வேண்டும். வீட்டில் இருப்பது அந்த ஒரே குளியலறை.

"நீங்க யாரைச் சொல்றீங்களோ அவர்தான் மேடம். எனக்கு அழகெல்லாம் வேணாம். ஒரு தடவை ஒழுங்கா செஞ்சிடணும். அவர் வந்தப்புறம் மறுபடி உடைக்கிற மாதிரி ஆச்சுன்னா, அந்த மனுஷனை எங்க கொண்டுபோய்க் குளிப்பாட்டறது?" என்றார் டீச்சர்.

நான் மனோஜைச் சொன்னேன். மனோஜ் என்பது இங்கே நான் மாற்றி வைத்த பெயர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட், அதில் குளியலறையை நான்கு பக்கமும் சுற்றிக் காட்டும் படம். வந்ததும் "என்ன தீம் யோசிச்சிருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார். பன்னிரண்டு நாளில் முடித்துத் தருவதாக எழுதியும் கொடுத்தார். அவர் தந்த மூன்று பேரும் அவரை மெச்சினார்கள். மூவரும் உறவினரும் இல்லை. தொண்ணூற்றிரண்டு மார்க் போட்டேன். திங்கட்கிழமை வேலை ஆரம்பம் என்று முடிவானது.

3. லிஃப்ட் பழுதான கட்டடம்

மூன்றில் ஒரு வீட்டையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அதைப் படிவத்திலேயே பார்த்துவிடுவோம். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லாததால், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மனோஜின் பழைய வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. குளியலறை கண்ணாடி போல இருந்தது. வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டுக் காட்டினார். நான் படம் எடுத்துக்கொண்டேன்.

ஏறும்போது வேலை செய்த லிஃப்ட், இறங்கும்போது நின்றுவிட்டது. படியில் இறங்கினேன். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. லுங்கி கட்டிய ஒரு பெரியவர் வாசலில் நின்றுகொண்டு என் கழுத்து அட்டையைப் படித்தார்.

"மேல் வீட்டு பாத்ரூமைப் பாக்க வந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"நம்ம வீட்டு பாத்ரூமையும் ஸ்வல்ப நோடிட்டு, கொஞ்சம் பாத்துட்டுப் போங்க. அதே மேஸ்திரி வேலைதான், கீழ இருந்து பாக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்."

பார்த்தேன். சீலிங்கில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. நடுவில் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. கம்பியின் நுனியில் ஒரு சொட்டு, விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

"நாலு மாசமா இப்படித்தாம்மா. மேல சொன்னா, பழைய பில்டிங் சார், அப்படித்தான் இருக்கும்கிறாரு. அவரு வீட்ல ஒரு சொட்டு ஒழுகல இல்ல, அவருக்கென்ன?"

ஒரு குளியலறை எப்போதும் கீழ்நோக்கித்தான் ஒழுகும். நானோ எப்போதும் மேலே இருப்பவரிடம் மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் இருந்த காலத்தில், தண்ணீர் வரவில்லை என்ற செய்திக்கு அதிகாரியின் பேட்டியை மட்டும் வாங்கி வரும் நிருபரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அலுவலகம் திரும்பி நவீனிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "பட் மேடம், கீழ் வீட்டுக்காரர் நம்ம கஸ்டமர் இல்லையே" என்றார்.

"டீச்சர் வீட்டுக்கும் கீழ ஒரு வீடு இருக்கு நவீன்."

"அவங்களும் நம்ம கஸ்டமர் இல்ல."

4. தண்ணி வேலை பாக்குது

அன்று மாலை, குறைந்த மார்க் வாங்கியவர்களின் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதும், புகார்க் கடிதத்தில்தான் தகவல் இருக்கும் என்பதும் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். ஏழுமலை மேஸ்திரி என்பவர் மேல் மூன்று புகார்கள் இருந்தன.

முதலாவது: "பாத்ரூமில் தண்ணீரை நிரப்பிவிட்டு மூன்று நாள் வரவில்லை." இரண்டாவது: "ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டால், நான் வரலன்னா என்ன, தண்ணி வேலை பாக்குது என்கிறார்." மூன்றாவது: "எங்களிடம் கேட்காமல் கீழ் வீட்டுக்குப் போய் அவர்களிடம் பேசுகிறார். எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்தும்."

ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது செய்தி. தண்ணீரை நிறுத்திவைத்து, கீழே ஒழுகுகிறதா என்று பார்க்கிற ஆள் இவர். மறுநாள் காலை அவரைத் தேடிப் போனேன். ஒரு வீட்டு மொட்டை மாடியில், காலால் சிமென்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கம்பெனி பெயரைச் சொன்னதும், "இன்னும் எத்தினி மார்க் கொறைக்கணும் மேடம்?" என்றார்.

டீச்சர் வீட்டு வேலையைச் சொன்னேன். தீம் கேட்கவில்லை. அளவும் கேட்கவில்லை.

"கீழ யாரு இருக்காங்க?"

இருபத்துமூன்று கேள்விகளில் இல்லாத கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை.

"எத்தினி நாள் குடுப்பீங்க?"

"அவர் வீட்டுக்கு வர இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு."

"இருபத்திரெண்டு ஆவும்."

"மூணு நாளைக் கொறைக்க முடியாதா?"

"கொறைக்கலாம். தண்ணி கட்டுறதத்தான் கொறைக்கணும். அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு, நீங்களே வந்து ஏழுமலைக்கு மார்க் போடுவீங்க."

அங்கிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பிளாஸ்டிக் வாளியைப் பற்றியும் ஏழுமலை கேட்ட நாட்களைப் பற்றியும் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு போட்டவள் நான்தான் என்பதையும் சொன்னேன்.

"நானும் முப்பது வருஷம் மார்க் போட்டவ. கையெழுத்து அழகா இருந்தா ரெண்டு மார்க் கூடத்தான் விழும். விடை சரியான்னு அப்புறந்தான் பாக்கத் தோணும்" என்றார் டீச்சர். பிறகு, "இவரு லேட்டாத்தான் முடிப்பாரா?" என்றார்.

"ஆமா டீச்சர். மூணு நாள்."

"சரி, மூணு நாள் ஈரத்துணியால துடைச்சி விட்டுக்கறேன். மூணு மாசம் கழிச்சு உடைக்கிறதுக்கு அது தேவலாம்."

5. பிளாஸ்டிக் மக்

ஏழுமலை மேஸ்திரி முதல் நாள் சுத்தியலை எடுக்கவில்லை. டீச்சரைக் கூட்டிக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினார். அங்கே நூர்ஜஹான் என்ற தையல்காரம்மா குடும்பத்தோடு இருந்தார். பார்க்கிங் இடத்தில் ஏற்பட்ட தகராறால் இரு வீட்டுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. டீச்சர் கதவுக்கு ஓரடி தள்ளியே நின்றார். மேஸ்திரி உள்ளே போய் டார்ச் அடித்து சீலிங்கைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஈரம் எங்கயும் இல்ல. நல்லாப் பாத்துக்கங்க பாய் வீட்டம்மா. இனிமே எது வந்தாலும் அது என் வேலை."

உடைத்து, பழைய பைப்புகளை மாற்றி, வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து முடிக்கப் பத்து நாள் ஆனது. பிறகு வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பினார். சுவரில் நீர்மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் வைத்து, அதன் உட்புறத்திலும் ஒரு கோடு. மக் எதற்கு என்று கேட்டேன்.

"இதுல எவ்ளோ கொறையுதோ அது காத்து குடிச்சது. அதுக்கு மேல அங்க கொறைஞ்சா, கீழ் வீடு குடிச்சது."

மறுநாள் மக்கில் ஒரு நூல் குறைந்திருந்தது. தரையில் ஒரு விரல் குறைந்திருந்தது. நாங்கள் படியிறங்குவதற்குள் நூர்ஜஹான் தானே மேலே வந்துவிட்டார்.

"டீச்சர், கோபப்படாதீங்க. மூலைல ஒரு நாலணா அளவுக்கு ஈரம் வந்திருக்கு. சொல்லலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன்."

மேஸ்திரி போய்ப் பார்த்தார். தரைத் தண்ணீர் இறங்கும் வாயில் பதித்த நானி ட்ராப்பைச் சுற்றிப் பூச்சு பிடிக்கவில்லை. அது அவர் கையாலேயே செய்த வேலை. யார் மேலும் பழி போடாமல், தண்ணீரை இறைத்துவிட்டு, தான் போட்டதைத் தானே உளியால் எடுத்தார். அந்த உளிச் சத்தத்தைக் கேட்டபோதுதான், இவர் நம்பத் தகுந்தவர் என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது. தப்பே செய்யாத ஆளை அதற்கு முன் நூறு பேராவது எனக்கு அறிமுகம் செய்திருந்தார்கள்.

மறுபடி பூச்சு, மறுபடி தண்ணீர், முழுசாக மூன்று நாள். இந்த முறை மக்கும் தரையும் ஒரே அளவு குறைந்தன. ஆரோக்கியராஜ் குறித்த நாளில் வந்துவிட்டார். குளியலறை அதற்கு ஏழு நாள் கழித்துத்தான் தயாரானது. அந்த ஏழு நாளும் ஈரத்துணிக் குளியல்தான். இடையில் இரண்டு நாள் நூர்ஜஹான் வீட்டிலிருந்து வெந்நீர் வந்தது. எட்டாம் நாள் அவர் வாக்கரோடு படியில்லாத வாசலைத் தாண்டி உள்ளே போய், கைப்பிடியைப் பிடித்துத் தானே உட்கார்ந்தார். டீச்சர் கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கீழே நூர்ஜஹான் தன் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரே பிறகு சொன்னார்.

6. மதிப்பெண்

வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் மார்க் போட வேண்டும். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. நேரம் தவறாமைக்கு ஐந்துக்கு ஒன்று.

"டீச்சர், அவர் ஒரு காரணத்தோடதானே லேட் பண்ணார்."

"அதுக்குத்தான் தரத்துல அஞ்சு போட்டிருக்கேன். லேட்டுக்கு லேட் மார்க்குதான். கணக்குல இரக்கம் கூடாது."

எங்கள் படிவத்தில் நேரத்துக்குத் தரத்தைவிட இரு மடங்கு எடை. ஏழுமலையின் சராசரி எல்லைக் கோட்டுக்குக் கீழே போனது. சிஸ்டம் அவரைத் தானாகவே பட்டியலிலிருந்து நீக்கியது. அவருக்கு வருத்தக் குறுஞ்செய்தி போனது. மனோஜ் பட்டியலில் நீடித்தார். 'கீழ் வீட்டுக்காரரின் கருத்து' என்று ஒரு கேள்வியைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். இருபத்துநான்காவது கேள்வியாகச் சேர்த்தார்கள், விரும்பினால் நிரப்பலாம் என்ற குறிப்போடு. நான் இருந்தவரை அதை நிரப்பியது நான் ஒருத்திதான்.

ஓராண்டு கழித்து நவீன் என் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், அந்த ஏழுமலை நம்பர் இருக்கா? அம்மா வீட்டு பாத்ரூம் லீக்."

"அவரை நம்ம லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சே நவீன்."

"இது பர்சனல் மேடம்."

பீன்யா அம்மாள் நினைவுக்கு வந்தார். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. என் வீட்டுக் குளியலறை வேலைக்கே அவர் இரண்டு மாதம் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் கொடுத்தேன். நவீன் அங்கேயே நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். கம்பெனி, பதவி, அவசரம் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"கீழ யாரு இருக்காங்க சார்?"

நவீன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலயே."

"போய்த் தெரிஞ்சிக்கிட்டுக் கூப்புடுங்க" என்றுவிட்டு ஏழுமலை மேஸ்திரி போனை வைத்தார்.