ஒன்றரை மணி நேரத்தில் வந்தவன்

சிவசக்தி குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய் ஐந்து வருடமாகியிருந்தது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கணவன் கிருஷ்ணராஜும் மகள் விதுஷாவும் இருப்பதாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அவன் பேசுவான்; விதுஷா சிவசக்தியின் அக்கா வீட்டுப் போனிலிருந்து பேசுவாள். வீடியோவில் முகம் காட்டச் சொன்னால், "மலையில சிக்னல் இல்ல" என்பான்.

போன வருடம் அந்தக் குடும்பம் வேறு நாட்டுக்குக் கிளம்பியதால் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அவளை அனுப்பிவிட்டார்கள். சொல்லாமல் போய் வாசலில் நிற்க ஆசைப்பட்டாள். ஐந்து மணி நேரத்தில் விமானம் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு எட்டு மணி நேரம், பசறை வழியாக மடுல்சீமைக்கு இன்னும் இரண்டு, அப்புறம் மேட்டில் ஏறி நடக்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாமல் காலை ஏழு மணிக்கு அவனை அழைத்துவிட்டாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"லயத்துலதான். பிள்ளைக்கு டீ ஊத்திக்கிட்டு இருக்கேன்."

"நான் கட்டுநாயக்காவுல நிக்கிறேங்க. வந்துட்டேன்!"

"பஸ் ஏறாத. அங்கயே இரு, நான் வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

எட்டரைக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மடுல்சீமையில இருந்து ஒன்றரை மணி நேரத்துலயா வந்தீங்க?"

"மொதல்ல ஏறு சக்தி, போற வழியில சொல்றேன்."

பெட்டியை ஏற்றக் குனிந்தபோது பின் சீட்டில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. அதை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இங்க பக்கத்துல நீர்கொழும்புலதான் இருக்கேன், இன்னொருத்தியோட. மூணு வருசமாச்சு. விதுஷா ஒங்க அக்கா வீட்டுல இருக்கா."

பெட்டியைப் பிடிக்க வந்தவனிடம், "தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸைத் தேடிப் போனாள்.

வழியெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைகள்தான் மனதில் ஓடின. தோட்டத்தில் அடைமழை என்பான், கோயில் தேர் சேற்றில் புதைந்த கதையைச் சொல்வான். அவளும் அங்கே அடுப்படியில் நின்று சிரித்திருக்கிறாள். இருக்காத ஊரைப் பற்றி எப்படி அவ்வளவு சொன்னான்?

இருட்டிய பிறகு மடுல்சீமையில் அக்கா இராக்கம்மாவின் வாசலில் போய் நின்றாள். அக்காவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கிருஷ்ணராஜ் போன் பண்ணியிருந்தான். விதுஷா தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தாள்.

"ஒனக்கும் தெரியுமா பாப்பா?"

"தெரிஞ்சா அம்மா வேலைய விட்டுட்டு வந்துருவாங்க, சொல்லாதன்னு பெரியம்மா சொன்னாங்க."

"பிள்ளை படிக்கணுமேன்னுதான்டி..." என்றாள் அக்கா. அவன் செய்தது உறைத்தபோது வராத அழுகை சிவசக்திக்கு அப்போதுதான் வந்தது. அவனுக்கு ஊர்ச் சேதி சொல்லிக்கொடுத்து அந்தப் பொய்யை எல்லாரும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

இப்போது அவள் பசறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாள். விதுஷாவோடு சின்ன அறையொன்றில் வாடகைக்கு இருக்கிறாள். தைப்பொங்கலுக்கு அக்கா ஆள் அனுப்பியும் போகவில்லை. விதுஷா நல்ல பிள்ளை, நன்றாகப் படிக்கிறாள். ஆனாலும் டியூஷனுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பினால், சிவசக்தி கொஞ்ச நேரம் பொறுத்து அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற சேருக்குப் போன் பண்ணி, "பிள்ளை வந்துட்டாளாங்க?" என்று கேட்கிறாள். கேட்டு முடித்ததும் அவளுக்கே வெட்கமாக இருக்கிறது.