ஹமீதுன்னிசாவின் கரி அடுப்பு

மாரண்டஹள்ளி ஹமீதுன்னிசாவின் இரும்புக் கரி அடுப்புக்கு இருபத்தெட்டு வயது. வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பிரியாணி அந்த அடுப்பில்தான் தம்மில் இருக்கும். சமையல் முடிந்து தணல் ஆறியதும் சாம்பலை ஒட்ட வழித்துவிட்டுத்தான் அவர் மறுவேலை பார்ப்பார். சாம்பல் தங்கினால் ஈரம் இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்றுவிடும் என்பார்.

போன வெள்ளிக்கிழமை கணவர் நசீருதீன், உதவி செய்வதாக நினைத்து, கனன்றுகொண்டிருந்த அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். உள்ளே பூசியிருந்த களிமண் பாளம் பாளமாக வெடித்தது.

"வுடு, புதுசு வாங்கிக்கலாம்" என்றார் அவர்.

அடுப்பு ஆறியதும் ஹமீதுன்னிசா வெடித்த மண்ணை முழுக்கப் பெயர்த்து எடுத்தார். அடியில் இரும்பு துருவே இல்லாமல் இருந்தது. விரல் முட்டியால் தட்டினார், கணீரென்றது. கோபம் பாதி இறங்கிவிட்டது.

"ஏரி மண்ணு கொண்டாங்க, பூசிடுறேன். இது இன்னும் இருபது வருஷம் தாங்கும். நீங்களும் தாங்கணும்னா, செம்பத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க."